பட்டியலில் ஒன்பதாவது வீடு

“ரைட்டரம்மா, இந்த ஒன்பதாவது விலாசம் தப்பு.”

ஏட்டு பட்டியலைத் திருப்பி மேசைமேல் வைத்தார். ரைட்டரம்மா நிமிரவில்லை. ஸ்டேஷனின் எழுத்து வேலை முழுவதும் அந்த அம்மாவின் தலையில்தான். நிமிர்ந்தால் இன்னொரு வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது பதினெட்டு வருட அனுபவம்.

“என்ன தப்பு?”

“இது என் வீடு.”

ரைட்டரம்மா நிமிர்ந்தார்.

“உங்களுக்கு என்ன வயசு ஏட்டையா?”

“அம்பத்தொண்ணு.”

“வீட்டுல யாரு?”

“நான்.”

“கூட?”

ஏட்டு யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வி அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“அப்புறம் என்ன தப்பு?” என்றார் ரைட்டரம்மா.

அந்தப் பட்டியலின் தலைப்பு, ‘ஐம்பது வயதுக்கு மேல் தனித்து வசிப்போர்’. நகரக் காவல்துறையின் நடைமுறைக் கையேட்டில் ஆறாம் அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றித்தான். ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் எல்லையில் தனியாக இருப்பவர்களைப் பட்டியல் எடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு போலீஸ்காரர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். குறைந்தது பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும், ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும், பதிவேட்டில் பார்த்தவர் ஒரு கையெழுத்து, பார்க்கப்பட்டவர் ஒரு கையெழுத்து. நாலரை வருடமாக இந்த ஸ்டேஷனில் அதைச் செய்துவருகிறவர் ஏட்டுதான். பட்டியலில் எட்டு வீடுகள் இருந்தன. இன்று திங்கட்கிழமை காலை அது ஒன்பது வீடாகிவிட்டது.

“யாரு எழுதிப் போட்டது?”

“யாரு வேணும்னாலும் மனு போடலாம், பேரை வெளியிட வேண்டியதில்ல. உங்களுக்குத் தெரியாத விதியா?” ரைட்டரம்மா கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். ஊதா மையில், வரிசை பிசகாத கையெழுத்து. “‘தனியாக இருக்கிறார். அது அவருக்கே தெரியாது. தயவுசெய்து வாரம் ஒருமுறை யாரையாவது அனுப்பவும்’ இவ்வளவுதான் எழுதியிருக்கு.”

ஏட்டு பேனாவை எடுத்தார். ஒன்பதாவது வரியின் மேல் கொண்டுபோனார். பேனா அங்கேயே நின்றது.

பட்டியலில் உள்ள பெயரை யாரும் அடிக்கக் கூடாது என்பது பதினோராம் விதி. அந்த விதி வரக் காரணமே ஏட்டுதான். மாடி ஏற அலுத்துப்போன ஒரு கான்ஸ்டபிள் மூன்று பேரைப் பேனாவாலேயே ‘காலி’ செய்ததைப் பார்த்து, மேலிடத்துக்கு நாலு பக்கம் எழுதியவர் அவர். கையேட்டின் இருநூற்றுப் பதினாலு பக்கமும் அவருக்கு மனப்பாடம். அவர் இல்லாத நேரத்தில் ஸ்டேஷனில் அவருக்கு ‘சுற்றறிக்கை’ என்று பெயர். இருக்கும் நேரத்திலும் அதுதான், கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.

அவர் பேனாவை மூடிவிட்டார்.

பட்டியலில் பெயர் வந்ததில் வெட்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயம் வேறு இடத்தில் இருந்தது. அது சனிக்கிழமையில் இருந்தது.

சனிக்கிழமைதான் ஏட்டு எட்டு வீட்டுக்கும் போகும் நாள். ஏழு வீடுகளில் பதினைந்து பதினைந்து நிமிடம். எட்டாவது வீட்டில் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை, முழுதாக ஒரு மணி நேரம். அது ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவருடைய வீடு. முப்பத்தாறு வருடம் ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிய மனிதர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருந்தார். லிஃப்ட்காரர் டீ போட்டுக் கொண்டுவருவார். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவார்கள். வாரத்தில் மற்ற நாட்களில் ஏட்டு பேசுவதெல்லாம் “எந்த ஸ்டேஷன் எல்லை?”, “அடையாள அட்டை இருக்கா?” வகை. அதைப் பேச்சு என்று கணக்கில் எடுத்தால்தான் உண்டு.

லிஃப்ட்காரர் விஷயத்தில் ஏட்டுக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் உண்டு. முதல் சில மாதங்கள் அந்த வீடு பார்க்கச் சகிக்காது. அடுப்பில் பால் பொங்கிக் காய்ந்த தடம், கொடியில் ஒரு வாரத்துத் துணி, மனிதர் பாதியாக இளைத்திருந்தார். ஆறு மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது. ‘தொடர் வருகையின் பயனாக வீடு சுத்தமாகியுள்ளது. திரைச்சீலை தைத்துப் போட்டுள்ளார். உடல் எடை கூடியுள்ளது. காலையும் மாலையும் தனித்தனித் தட்டில் சாப்பிடும் அளவுக்கு ஒழுங்கு வந்துள்ளது’ என்று ஏட்டு அறிக்கை எழுதினார். மேலிடம் அதைப் படித்து மற்ற ஸ்டேஷன்களுக்கும் அனுப்பியது.

அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்ட நினைத்தார். வீட்டுக்கு யாரும் வருவதில்லையே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அலமாரியில் வைத்துவிட்டார்.

*

விதிப்படி ஒன்பதாவது ஆளை இந்த வாரமே பார்த்தாக வேண்டும். அந்தத் தெருவுக்குப் பொறுப்பான ஆள் யார் என்று ஏட்டு பட்டியலில் பார்த்தார். ஏட்டு.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காவலர் குடியிருப்புக்குப் போனார். தன் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டினார். தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. காத்திருந்தார்.

எதிர் வீட்டு அம்மாள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

“சாவி தொலைஞ்சுபோச்சா ஏட்டையா?”

“இல்லம்மா. கையில இருக்கு.”

“அப்புறம் யாரைக் கூப்பிடறீங்க?”

“என்னைத்தான்.”

அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

ஏட்டு கதவைத் திறந்து உள்ளே போனார். வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் இருந்தன. விருந்தாளிக்குத்தான் நாற்காலி என்று முதலில் நாற்காலியில் உட்கார்ந்து கட்டிலைப் பார்த்தார். பிறகு, வீட்டுக்காரரும் தானே என்று கட்டிலுக்கு மாறி நாற்காலியைப் பார்த்தார். பதினைந்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. மற்ற வீடுகளில் அது ஓடிவிடும்.

கேள்விகளைக் கேட்டுப் பதில் எழுதினார். உடல்நலம்: பரவாயில்லை. சாப்பாடு: உண்டு. தூக்கம்: வரும்போது வரும். இந்த வாரம் யாராவது வந்தார்களா: காவல்துறையிலிருந்து ஒருவர். அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?

ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றது. காலியாக விட்டுவிட்டு, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

“பாத்தவர் கையெழுத்தும் பாக்கப்பட்டவர் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கே?”

“ஆமா சார்.”

“யோவ், உன்னை நீயே போய்ப் பாத்தியா?”

“கூடாதுன்னு விதியில இல்ல சார்.”

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அவருக்குச் சிரிப்பு வந்தால் மீசையைத் தடவிக்கொள்வார். இப்போது இரண்டு பக்கமும் தடவினார்.

“எப்படி இருந்தே?”

“நல்லா இருந்தேன் சார்.”

“அஞ்சாவது கேள்விக்குப் பதிலைக் காணோமே?”

“அவர் சொல்லல சார்.”

மீசையிலிருந்து கை இறங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் பதிவேட்டை மூடினார்.

“இதெல்லாம் சரிப்படாது. நாளைக்கு டிரைவர் வந்து உன்னைப் பாப்பான்.”

*

ஸ்டேஷன் ஜீப்பின் டிரைவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. எதிர்க்கடையில் பீடி வாங்கவே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர். புதன்கிழமை மாலை, கூரையில் சிவப்பு விளக்கு சுழல, குடியிருப்பின் நடுவில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லா ஜன்னலும் திறந்தன.

“விளக்கை அணைய்யா!” என்றார் ஏட்டு வாசலிலிருந்து.

“அரசாங்க வேலையா வந்திருக்கேன். விளக்கு எரியணும்னு உங்க கையேட்டுல இருக்கா, இல்லையா?”

இருந்தது. முப்பத்தொன்றாம் பக்கம். ஏட்டு பேசாமல் வழிவிட்டார்.

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் கேட்டார்.

“தூக்கம் எப்படி?”

“வருது.”

“கடைசியா யாரோட உக்காந்து சாப்பிட்டீங்க?”

“அப்படி ஒரு கேள்வியே இல்லையே?”

“இல்லதான். நான் கேக்கறேன்.”

“அடுத்ததைக் கேளு.”

“அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்?”

இதற்கு ஏட்டு நேற்று முழுக்க யோசித்துப் பதில் தயாராக வைத்திருந்தார். “ஸ்டேஷனுக்கு.”

“அது நாமதானே?”

“ஆமா. ஸ்டேஷன் நம்பரைப் போடு.”

டிரைவர் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். “ஏட்டையா, அங்க போன் அடிச்சா எடுக்கறது நீங்கதான்.”

வெளியே சிவப்பு விளக்கு சுழன்று சுழன்று சுவரில் வந்துபோனது.

ஜீப் போனதும் குடியிருப்பில் செய்தி பரவியது. ஏட்டுமேல் விசாரணை, வேலை போய்விட்டது, வீட்டைச் சோதனை போட்டார்கள் என்று கட்டடத்துக்கு ஒரு தினுசாக வளர்ந்தது. மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் வரிசை விலகி அவருக்கு வழிவிட்டது.

“தைரியமா இருங்க ஏட்டையா. விசாரணைன்னா எல்லாருக்கும் வர்றதுதான்” என்றார் ஒருவர்.

“என்ன வேணும்னாலும் கேளுங்க” என்றார் இன்னொருவர்.

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஏட்டு சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குழாயடியில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் அவரிடம் பேசியது ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. குடம் நிறையும்வரை அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

*

பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக் கையேட்டில் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, ஆள் இறந்துபோவது. அதை ஏட்டு ஒதுக்கிவைத்தார். இரண்டாவது வழி, ரத்த உறவு ஒருவர் தான் கூட வந்து வசிப்பதாக எழுதித் தருவது. வியாழக்கிழமை மதியம் வெளியூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, ஒரு கடிதாசி வேணும்.”

“என்னடா ஆச்சு?” அக்கா எப்போதும் அந்த இடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவாள்.

“ஒண்ணும் ஆகல. நீ என்கூட இருக்கறதா ரெண்டு வரி எழுதித் தரணும்.”

“நான் இங்கல்ல இருக்கேன்?”

“அதான், ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன். பொய்யாவும் இருக்காது.”

“முட்டி வலியோட நான் வண்டி ஏறவா? அதை விடு. எதுக்குடா இப்ப திடீர்னு? டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டர்கிட்ட யாரு போனா? இது ஸ்டேஷன் விஷயம். தனியா இருக்கறவங்க பட்டியல்ல என் பேரு வந்திருச்சு.”



“சாப்பிட்டியாடா?”

“ம்.”

“என்ன சாப்பிட்டே?”

இதற்கு உடனே பதில் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். ஏட்டு இரண்டு நொடி யோசித்துவிட்டார். தங்கையாக இருந்தால் ஏமாந்திருப்பாள், அக்காவிடம் இரண்டு நொடி என்பது நீண்ட நேரம்.

பத்து நிமிடம் கழித்து அக்கா இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு அழுதாள். தம்பி சின்ன வயதிலிருந்தே வலித்தாலும் சொல்ல மாட்டான், கொட்டாவி விட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் விடுவான், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். குடும்பத்தாரிடமிருந்து புகார் வந்தால் பெயரைச் ‘சிறப்புக் கவனம்’ பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. ரைட்டரம்மா சிவப்பு மையில் மாற்றிவிட்டார். இனி வாரம் இரண்டு வருகை.

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டு ஏட்டை உட்காரச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அறையில் ஏட்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

“பத்தொன்பதாம் விதி என்னன்னு நீயே சொல்லு.”

ஏட்டு உட்கார்ந்தபடியே சொன்னார். “பட்டியல்ல இருக்கறவர், பட்டியல்ல இருக்கற மத்தவங்களைப் பாக்கப் போகக் கூடாது.”

“அப்ப உன் சனிக்கிழமை ரவுண்டு?”

இன்ஸ்பெக்டரே பதிலும் சொன்னார்.

“திங்கக்கிழமை ஆர்டர் போட்டுடுவேன். அடுத்த வாரத்திலேருந்து டிரைவர் போவான்.”

“டிரைவர் வண்டியை விட்டு இறங்க மாட்டான் சார். கீழ நின்னு ஹார்ன் அடிப்பான். லிஃப்ட்காரர் நாலாவது மாடி.”

“லிஃப்ட்ல போகச் சொல்லு.”

“அந்தக் கட்டடத்துல லிஃப்ட் இல்ல சார்.”

இன்ஸ்பெக்டர் மீசையைத் தொடவில்லை. மேசையில் இருந்த ஒரு படிவத்தை ஏட்டு பக்கம் தள்ளினார். “மூணாவது வழி இருக்குல்ல? போலீஸா இருக்கக் கூடாது, சொந்தமா இருக்கக் கூடாது, அந்தப் பட்டியல்ல இருக்கற ஆளாவும் இருக்கக் கூடாது. அப்படி ஒருத்தர், ‘இவரை வாராவாரம் பாக்கறேன், கூட உக்காந்து சாப்பிடவோ குடிக்கவோ செய்யறேன், ஒரு வாரம் காணலைன்னா தேடுவேன்’னு இதுல கையெழுத்துப் போடட்டும். நானே பேரை எடுத்துடறேன். இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தர் போதும்யா.”

ஒருத்தர் போதும் என்றதும் ஏட்டுக்குத் தெம்பு வந்தது. வெளியே வந்து, யார் அந்த ஒருத்தர் என்று யோசிக்கத் தொடங்கியதும் போய்விட்டது.

முடிவெட்டுகிறவரிடம் போனார். “வாராவாரமா? நீங்க மாசத்துக்கு ஒருதரம்தானே வர்றீங்க? வாரா வாரம் வெட்டற அளவுக்கு உங்களுக்கு அங்க என்ன இருக்கு?” என்று அவர் கத்தரியால் காற்றை வெட்டிக் காட்டினார்.

பிறகு டீக்கடை. பத்து வருடமாகக் காலையில் ஏட்டு டீ குடிக்கும் கடை. கடைக்காரர் படிவத்தைப் படித்தார். சந்தோஷமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இதென்ன பெரிய விஷயம்? தினமும் பாக்கறேனே. கொடுங்க, போடறேன்.” பேனாவை வாங்கியவர் முதல் கோட்டில் நின்றார். “உங்க பேரு என்ன சார்?”

ஏட்டு சொன்னார்.

“அப்படியா!” என்றார் கடைக்காரர் ஆச்சரியமாக. பிறகு, கீழே தன் பெயரை எழுதினார். ஏட்டு அதை எட்டிப் பார்த்தார். பத்து வருடத்தில் அந்தப் பெயரை அவரும் அன்றுதான் தெரிந்துகொண்டார். இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிட்டது. ‘கூட உட்கார்ந்து’ என்று படிவத்தில் இருந்தது. அந்தக் கடையில் பெஞ்சே கிடையாது. ஏட்டு தாளைத் திரும்ப வாங்கி, அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போய் வேறொரு படிவம் எடுத்துக்கொண்டார்.

*

சனிக்கிழமை நாலு மணிக்கு நாலு மாடி ஏறி, மூன்று முறை தட்டினார். எப்போதும்போல் கதவு திறக்கக் கொஞ்ச நேரமானது. வயதானவர், எழுந்து வர வேண்டாமா? எப்போதும்போல் முதுகுக்குப் பின்னால் எதிர்வீட்டுக் கதவு அவசரமாகச் சாத்திக்கொண்டது. அந்த வீட்டாருக்குப் போலீஸ் என்றால் பயம் என்று ஏட்டு நாலு வருடத்துக்கு முன்பே பதிவேட்டில் குறித்திருந்தார்.

“வாங்க ஏட்டு, வாங்க.” லிஃப்ட்காரர் இருமிக்கொண்டே கதவைத் திறந்தார். டீயும் பிஸ்கட்டும் ஜன்னலோரம் தயாராக இருந்தன. “என்ன, முகமே சரியில்லையே?”

ஏட்டு ஐந்து கேள்விகளையும் கேட்டு எழுதி முடித்தார். அதன் பிறகுதான், தன் பெயர் பட்டியலில் வந்ததையும், படிவத்தில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காததையும் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து தான் வரப்போவதில்லை, டிரைவர் வருவார், ஹார்ன் சத்தம் கேட்டால் ஜன்னலில் வந்து கையை ஆட்டினால் போதும், பதிவேட்டைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம், அதற்கு விதியில் தடை இல்லை.

லிஃப்ட்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க முதல்ல என்ன செய்வாங்க தெரியுமா?” என்றார் பிறகு. “பட்டனை அமுக்குவாங்க. வேலை செய்யலைன்னு தெரிஞ்சும் அதே பட்டனை அமுக்குவாங்க. நாலு பட்டன் இருந்தா நாலையும் வரிசையா அமுக்குவாங்க. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் யாராவது இருக்கீங்களான்னு கத்துவாங்க. வெளிய நான் ஸ்பேனரோட நின்னுக்கிட்டே இருப்பேன். அவங்க கத்தினாத்தானே எந்த மாடின்னு எனக்குத் தெரியும்?”

ஏட்டு சிரித்தார். கதை என்று நினைத்தார்.

“அந்தப் படிவத்தைக் கொடுங்க” என்றார் லிஃப்ட்காரர்.

“எதுக்குங்கய்யா?”

“நான்தானே உங்களை வாராவாரம் பாக்கறேன்? கூட உக்காந்து டீ குடிக்கறேன்? வராட்டித் தேடுவேன். கொடுங்க.”

“உங்க கையெழுத்து செல்லாதுங்கய்யா. நீங்களும் பட்டியல்ல இருக்கற ஆளு. தனியா இருக்கறவர் இன்னொருத்தரைத் தனியா இல்லைன்னு சொல்ல முடியாது.”

“செல்லும்.”

“எப்படிச் செல்லும்?”

லிஃப்ட்காரர் படிவத்தை இழுத்து மடியில் வைத்து, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏட்டு, ரொம்ப நாளா சொல்லணும்னு நினைக்கறேன். என் சம்சாரம்…”

ஏட்டு சட்டென்று கையை உயர்த்தினார். “வேணாங்கய்யா.”

“இல்ல, கேளுங்க…”

“ஏழாம் விதி. குடும்பத்துல நடந்த இழப்பைப் பத்திப் பேச வச்சு மனசைக் கலங்க விடக் கூடாது. நாலு வருஷமா ஒரு தடவை கேட்டிருக்கேனா? கடைசி நாள் அன்னிக்கா கேப்பேன்?”

“அந்த ஏழாம் விதியைத் தூக்கிக் குப்பையில போடுங்க!”

“உங்களுக்கு மனசு கலங்கிடுச்சு, பாருங்க” என்றார் ஏட்டு மெதுவாக. “அதுக்குத்தான் விதி.”

லிஃப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏட்டு அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டு, பேச்சை மாற்ற, எந்த மாடியில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வார்கள் என்று கேட்டார். லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பதில் சொன்னார். ஐந்து மணி அடித்தது. நாலு வருடமாக ஐந்து அடித்ததும் எழுந்துவிடும் ஏட்டு எழுந்திருக்கவில்லை. ஐந்தரையும் ஆனது. ஜன்னலுக்கு வெளியே வெயில் எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி, இன்னும் ஒரு கேள்வி என்று ஏட்டு கேட்டுக்கொண்டே இருந்தார். லிஃப்டைப் பற்றிக் கேட்க உலகத்தில் வேறு கேள்வியே இல்லை என்று ஆனபோது எழுந்தார்.

“கோப்பையைக் கழுவி வச்சுட்டுப் போறேன்.”

“அதெல்லாம் வேணாம், விடுங்க…”

“போற வீட்டுல யாருக்கும் வேலை வைக்கக் கூடாதுங்கய்யா.”

அது விதியில் இல்லை. கோப்பையைக் கழுவ இரண்டு நிமிடமாவது ஆகும் என்பதற்காகச் சொன்னார்.

சமையலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் நூலாகத்தான் வந்தது, நல்லதாகப் போயிற்று. தட்டு வைக்கும் பலகையில் இரண்டு தட்டுகள், இரண்டு தம்ளர்கள் கவிழ்த்திருந்தன. ஒழுங்கான மனிதர் என்று நினைத்துக்கொண்டார். இனி இதையெல்லாம் யார் கவனித்து எழுதப் போகிறார்கள்? டிரைவருக்குத் தட்டு எண்ணத் தெரியாது. கையெழுத்துப் போட்ட படிவம் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. ஈரக் கையோடு அதை உள்ளே தள்ளினார். செல்லாத தாள்தான், இருந்தாலும் அதைக் கிழிக்க அவருக்கு மனசு வரவில்லை.

அப்போது வெளியே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கூடத்துக்குள் வந்தது. லிஃப்ட்காரர் பலமாக இருமினார். இன்னும் பலமாக இருமினார். அந்த இருமலையும் தாண்டி ஒரு பெண் குரல் வீட்டுக்காரியின் உரிமையோடு கேட்டது:

“என்னங்க, ஒருவழியா உங்க ஏட்டு கிளம்பிட்டாரா? மக பிரசவம் முடிஞ்சு நான் வந்ததிலேருந்து, அந்த மனுஷனுக்குப் போக்கிடம் இல்லாமப் போயிடக் கூடாதேன்னு சனிக்கிழமையானா எதிர்வீட்டு முக்காலியில உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. பாவம், அவரையும் வந்து பாக்க யாரையாவது அனுப்புங்கன்னு மனு எழுதிப் போட்டேனே, அதையாவது அந்த ஸ்டேஷன்ல ஒரு ஆள் படிச்சாங்களாமா?”